நாலடிக்கு ஒரு விலக்கு

இன்று காலை கோட்டக்குப்பம் கடைத்தெருவில் ஒரு தையல் கடையைத் தாண்டிப் போனேன். கடைக்காரர் மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் கால் தானாக நின்றுவிட்டது. உன் வீட்டு முன்னறை வாசனை அது. எண்ணெயும் புதுத்துணியும் கொஞ்சம் உப்புக்காற்றும் கலந்திருக்கும். உள்ளே போய் நன்றாக ஒரு மூச்சு இழுத்துவிட்டு வரலாம் என்று ஆசை. ஆனால் கடைக்கு மூன்று படி, ஒவ்வொன்றும் முழ உயரம். என் முட்டி இப்போதெல்லாம் அதற்கு ஒப்புக்கொள்வதில்லை. கீழேயே நின்று படிகளை முறைத்துக்கொண்டிருந்தேன். "இன்னா ஓவர்சியரம்மா, இப்பவாவது புரியுதா?" என்று நீ கேட்டிருப்பாய். நினைத்ததும் நடுத்தெருவில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கடைக்காரர் பாய் பதறிப்போய், "என்னம்மா ஆச்சு? தண்ணி எதுனா வேணுமா?" என்றார். ஒன்றுமில்லை பாய், ஒரு சிநேகிதி ஞாபகம் என்று சொல்லிவிட்டு வந்தேன். வானூருக்குப் பஸ் ஏறி உட்கார்ந்த பிறகும் சிரிப்பு அடங்கவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நாம் முதலில் பார்த்துக்கொண்டபோது சிநேகிதிகள் இல்லை, நினைவிருக்கிறதா? சுனாமி வந்துபோன அடுத்த கோடை. மரக்காணம் உப்பளத்துக்குப் பின்னால், ஓடையை ஒட்டி இருந்த உன் ரெண்டு சென்ட் மனையைப் பார்க்க வந்தேன். ஒன்றிய ஆபீசில் நான் ஓவர்சியர். வீடு கட்ட மனு போட்டவர்களின் மனையை அளந்து, கட்டலாமா கூடாதா என்று எழுதித் தருவது என் வேலை. சுனாமிக்குப் பிறகு எங்களுக்கு ஒரு புது விதி வந்திருந்தது. தண்ணீர் ஏறக்கூடிய தாழ்வான நிலத்தில் யார் வீடு கட்டினாலும், தரை ரோட்டைவிட நாலடி உயரத்தில் இருக்க வேண்டும். விலக்கு வேண்டுமென்றால் காரணம் காட்டி மேலதிகாரியிடம் வாங்க வேண்டும். நீ விலக்குக் கேட்டு மனு போட்டிருந்தாய். அதுவரை எங்கள் ஆபீசுக்கு அப்படி ஒரு மனு வந்ததே இல்லை.

கருவேல மர நிழலில், கையால் சுற்றி ஓட்டும் உன் மூன்று சக்கர வண்டியில் உட்கார்ந்திருந்தாய். சின்ன வயதில் போலியோவில் இரண்டு காலும் போனது என்று மனுவில் படித்திருந்தேன். மனுவைப் படித்து நான் கற்பனை செய்த ஆள் வேறு. நீயோ கழுத்தில் டேப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு, வாயில் இரண்டு ஊக்கைக் கவ்விக்கொண்டு, யாருடைய ஜாக்கெட்டையோ பிரித்துக்கொண்டிருந்தாய். என்னை மேலும் கீழும் பார்த்தாய்.

"ஓவர்சியரம்மாவா? வாங்க. கை இறுக்குதே, எவன் தச்சான் இத?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. வெயிலில் பஸ் மாறி வந்திருக்கிறேன், வணக்கம்கூட இல்லை, ஜாக்கெட்டைப் பற்றிப் பேச்சு. நான் போட்டிருந்த ஜாக்கெட் உண்மையிலேயே இறுக்கிக்கொண்டிருந்ததால் கோபம் இன்னும் அதிகமானது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மனையை அளந்தேன். அளந்து முடித்து, "நாலடிக்குக் கீழ முடியாதும்மா. தண்ணி வர்ற எடம். சாய்தளம் வச்சிக்கோங்க, வண்டியிலயே ஏறிப் போகலாம்" என்றேன்.

"எவ்ளோ நீளம் வரும்?"

"ஒரு அடி ஏறணும்னா பன்னண்டு அடி நீளம் வேணும். நாலடிக்கு நாப்பத்தெட்டு."

"என் மனையே முப்பது அடிதான். அப்ப சாய்தளம் பக்கத்து உப்புப் பாத்தியில ஆரம்பிக்கும். நான் டெய்லி உப்பு வாரிட்டுத்தான் வூட்டுக்குப் போவணும்."

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். நீ பார்த்துவிட்டாய்.

எனக்கு விதிகள் பிடிக்கும் என்பது உனக்குத் தெரியும். அந்த நாலடி விதி பொல்லாத விதியும் இல்லை. அலையில் போனவர்களை நினைத்து யாரோ அக்கறையோடு எழுதியது. அதைத்தான் உன்னிடம் சொன்னேன். "தண்ணி வந்தா மொதல்ல மாட்டிக்கப்போறது நீங்கதான். உங்களுக்குத்தான் ஒசரம் வேணும்."

நீ ஊக்குகளை வாயிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாய். "தண்ணி என்னிக்கோ ஒரு நாளு வரும். படி தெனமும் இருக்குதே" என்றாய். பிறகு மெதுவாகச் சொன்னாய். உன் குடிசை அலையோடு போன நாளிலிருந்து தம்பி ஏழுமலையின் தற்காலிக ஷெட்டில் இருக்கிறாய். வாசலில் இரண்டு படி. ஏழுமலை விடியும் முன்பே உப்பளத்துக்குப் போனால் மதியம்தான் வருவான். அதுவரை உன்னை இறக்கிவிட ஆள் கிடையாது. வெளியே போக வேண்டி வந்துவிடுமோ என்று காலையில் நீ தண்ணீர் குடிப்பதில்லை. "தூக்குறதுக்கு ஆள் இருக்குல்லன்னு எல்லாரும் சொல்றாங்க. தூக்குற ஆளுக்கு வேலை இருக்குதேங்க." சுனாமிக் காலனியில் அரசாங்கம் தருவதாகச் சொன்ன வீட்டை நீ ஏன் வேண்டாம் என்றாய் என்பதும் அப்போதுதான் புரிந்தது. அதற்கு ஐந்து படி. நீ கேட்டதெல்லாம் ஒன்றுதான். உன் வீட்டுக்குள் நீயாகப் போக வேண்டும், நீயாக வெளியே வர வேண்டும். சொன்ன கையோடு, "சரி, அந்த ஜாக்கெட்ட அடுத்த தபா எடுத்துட்டு வாங்க, பிரிச்சி உடறேன்" என்றாய்.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான் என்னுடையது. "பரிந்துரைக்க இயலாது" என்று இரண்டு வார்த்தை எழுதியிருந்தால் வேலை முடிந்திருக்கும். அடுத்த வாரமே ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்து நின்றேன். நீ சிரித்த சிரிப்பில் பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் தலை தூக்கிப் பார்த்தார்கள்.

அன்றைக்குத்தான் நாம் இரண்டு பேரும் சேர்ந்து அந்த வீட்டை வரைந்தோம். பழுப்புத்தாளை வண்டியின் பலகையில் விரித்து, தையல் சாக்கட்டியால் நீ கோடு போட்டாய். ஜாக்கெட்டுக்குத் துணி வெட்டுவதுபோலவே பேசினாய். முன்பாகம் தாழ்வு, பின்பாகம் உயரம். முன்னறை ரோட்டு மட்டத்தில், அதுதான் கடை. பின்னறை நாலடி உயரத்தில். அதுதான் படுக்கை, சமையல். இரண்டுக்கும் நடுவில் சாய்தளத்தை எங்கே வைப்பது என்று நான் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். "நேராத்தான் போவணுமா? இடுப்புப் பட்டி மாதிரி செவுத்த சுத்தி உடுங்களேன்" என்றாய். கூட்டிப் பார்த்தேன். பக்கச் சுவர், பின்சுவர், திரும்பிக் கொஞ்சம். நாற்பத்தெட்டு சரியாக வந்தது! ஆனால் முன்னறையில் வெள்ளம் புகுந்தால் சுவரே சாய்ந்துவிடுமே என்ற பயம் எனக்கு இருந்தது. தண்ணீர் உள்ளே வரட்டும், வந்த மாதிரியே போகட்டும் என்று சுவரின் அடியில் இரண்டு பக்கமும் ஓட்டைகள் வைக்கச் சொன்னது நான். "கட்டுற செவுத்துல ஓட்டையா!" என்று ஏழுமலை வாயில் கை வைத்தான். நீ அவனை அதட்டினாய். "நான் தைக்கிறப்ப உள்ளார துணி உட்டுத் தைக்கிறேன்ல? ஆளு பெருத்தா பிரிச்சி உடலாம்ல? அது மாதிரிதான்டா. உடாம தச்சா கிழிஞ்சிதான் போவும்."

விலக்கு தர வேண்டியவர் பெரிய ஆபீசர். நேரில் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன், காகிதத்தில் எல்லா வீடும் மிதக்கும் என்று சொல்லிவிட்டார். அவர் வருகிறார் என்று உன்னிடம் சொன்னேன். அதோடு நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். "தண்ணி எப்படி வந்துட்டுப் போவும்னு கண்ணால பாத்தா நம்புவாரு" என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

உப்பளத்து ஆட்களிடம் அப்படிச் சொல்லலாமா?

ஆபீசரோடு நான் ஜீப்பில் வந்து இறங்கினேன். உன் மனையில் ஒரு வீடு படுத்துக் கிடந்தது! நம் பழுப்புத்தாள் வீட்டை ஏழுமலையும் அவன் கூட்டாளிகளும் அப்படியே களிமண்ணில் கட்டியிருந்தார்கள். உப்புப் பாத்தி கட்டுவதுபோல் முட்டியளவு வரப்புகள். முன்னறை பள்ளம், பின்னறை மேடு, சுற்றி ஏறும் சாய்தளம், வாசல்கூட விட்டிருந்தார்கள். நீ முன்னறையின் நடுவில், கல்யாணப் பெண் மாதிரி புதுச் சேலை கட்டிக்கொண்டு, வண்டியில் உட்கார்ந்திருந்தாய்.

"வாங்க சார், உள்ள வாங்க. இதான் ஹாலு" என்றாய்.

ஆபீசர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, வாசல் வழியாகவே உள்ளே வந்தார். அந்த நிமிடமே எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

"ஏழுமல, மடையத் தொறடா!"

ஓடையிலிருந்து பாத்திக்குத் தண்ணீர் விடும் மடையின் பலகையை அவன் தூக்கினான். கடல் ஓதம் ஏறியிருந்த நேரம். தண்ணீர் பளபளவென்று ஓடி வந்து வாசல் வழியாக உள்ளே புகுந்தது. கணுக்கால் வந்தது. "இப்ப அந்தாண்டப் பக்கம் ஓட்ட வழியா போயிடும் பாருங்க சார்" என்று நீ கை காட்டினாய். போகவில்லை. கெண்டைக்கால் வந்தது. "இப்பப் போயிடும்" என்றாய் மறுபடியும். ஆபீசர் பேன்ட்டை முட்டிவரை சுருட்டிக்கொண்டார். உன் வண்டியின் சக்கரம் பாதி முழுகிவிட்டது. எனக்கு வேலை போய்விட்டது என்றே முடிவு செய்துவிட்டேன். பலகையை இறக்கச் சொல்லிக் கத்தினேன்.

நீ எட்டிப் பார்த்தாய். வரப்பின் அடியில் ஓட்டைகளையே காணோம்.

"டேய்! ஓட்டைய எவன்டா அடைச்சான்?"

கூட்டாளிகள் குனிந்து வரப்பைப் பார்த்தார்கள். கடைசியில் ஏழுமலை தலையைச் சொறிந்தான். "காலையில வந்து பாத்தேன்க்கா. வரப்புல ஓட்டையா இருந்துச்சி. கை சும்மா இருக்கல, அடைச்சிட்டேன்."

பிறந்ததிலிருந்து வரப்பு ஓட்டையை அடைத்தே வளர்ந்த கை. தன் கையாலேயே வைத்த ஓட்டையை, விடிந்ததும் தன் கையாலேயே களிமண் வைத்து மிதித்து அடைத்திருக்கிறான். ஒரு சொட்டு கசியாத அளவுக்கு நன்றாக அடைத்திருக்கிறான். முதலில் சிரித்தது யார் என்று நமக்குள் கடைசிவரை தகராறு. நீ ஆபீசர் என்பாய். நான் இன்றைக்கும் ஜீப் டிரைவர் என்றுதான் சொல்வேன். அப்புறம் எல்லோரும் சிரித்தோம். ஆபீசர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "சரிப்பா, இப்பத் தொற" என்றார். ஏழுமலை காலால் ஓர் உதை விட்டான். எதிர் வரப்பிலும் உதைத்தான். தேங்கி நின்ற தண்ணீர் சரசரவென்று இறங்கி, கொஞ்ச நேரத்தில் தரை தெரிந்தது.

ஆபீசர் அந்த ஈரத் தரையிலேயே நின்று யோசித்தார். பிறகு உன்னைப் பார்த்துக் கேட்டார். "மழைக்காலத்துல ராத்திரி எங்கம்மா படுப்பே?"

"மேல சார். சத்தியமா மேல."

"தண்ணி ஏறுறப்போ உன்னால தனியா மேல போக முடியுமா?"

வண்டியைத் திருப்பி, சகதியில் சக்கரம் வழுக்க வழுக்க, அந்தக் களிமண் சாய்தளத்தில் ஏற ஆரம்பித்தாய். முதல் தடவை பாதியில் சறுக்கி இறங்கியது. ஏழுமலை ஓடி வந்தான். "தொடாதடா" என்றாய். இரண்டாவது தடவை, பல்லைக் கடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, சுவரைச் சுற்றி மேலே போய் நின்றாய். புதுச் சேலை முழுக்கச் சேறு. உப்பளத்துப் பெண்கள் கை தட்டினார்கள். நானும் தட்டிவிட்டேன். அரசு ஊழியர் அப்படித் தட்டலாமா என்று அப்போது தோன்றவில்லை.

உத்தரவு வந்தது. முன்னறைக்கு மட்டும் விலக்கு; மின்சார சுவிட்ச் எல்லாம் நாலடிக்கு மேலே; சுவர் ஓட்டைகளை எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது. அந்த வரியை நான் உரக்கப் படித்தபோது நீ ஏழுமலையைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கடைசியில், இதை முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது என்று இருந்தது. அப்படியென்றால் என்ன என்று கேட்டாய். இதைக் காட்டி வேறு யாரும் கேட்க முடியாது என்றேன். "அப்ப என்னிய மாதிரி ஒரே பீஸுதான்னு கவர்மென்டே எழுதிக் குடுத்துடுச்சி" என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாய். அதற்குப் பிறகு நான் உனக்கு "ஓவர்சியரம்மா" என்பது பெயருக்குத்தான். மற்றபடி "வாடி", "போடி"தான். கேட்க எனக்கு நன்றாக இருந்தது.

ஆவணியில் குடி போனாய். புது வீட்டுக்கு முதலில் உப்பும் மஞ்சளும் நிறைகுடமும் போக வேண்டுமே, அதை யார் எடுத்துப் போவது என்று உறவுக்காரர்கள் வாசலில் வழக்கடித்துக்கொண்டிருந்தார்கள். தாலி கட்டிக்கொண்டவள்தான் எடுக்க வேண்டும் என்றாள் ஒருத்தி. உப்புச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டாய். மஞ்சளை அதன்மேல் செருகினாய். குடத்தை என் கையில் கொடுத்து, "பின்னால வாடி" என்றாய். யாரோ பழக்கத்தில் உன் வண்டியைத் தள்ள வந்தார்கள். நீ திரும்பிப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டார்கள். நிலைப்படி இல்லாத அந்த வாசலில் சக்கரம் தடுக்காமல் உள்ளே போனது. முன்னறையைத் தாண்டி, சுவரைச் சுற்றி, மேலே பின்னறை வரைக்கும் போய், அடுப்புப் பக்கத்தில் உப்பை இறக்கி வைத்துவிட்டு, "தண்ணி குடு" என்றாய். நிறைகுடத்துத் தண்ணீரையே சொம்பில் மொண்டு மொண்டு குடித்தாய். சடங்குத் தண்ணீரைக் குடிக்கிறாளே என்று ஒரு பெரியம்மா முனகினாள். எனக்குத்தான் தெரியும், நீ எதற்குக் குடித்தாய் என்று. குடத்தைப் பிடித்துக்கொண்டு நான் அழுத அழுகைக்கு வெட்கமே இல்லை.

அந்த ஐப்பசி மழையை மறக்க முடியுமா? தீபாவளி நெருக்கம். கழுவெளி ஏரி நிறைந்து, ஓடை பொங்கி, ரோட்டில் தண்ணீர். பஸ் பாதியில் நின்றுவிட்டது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. விலக்குத் தரலாம் என்று எழுதிய கை என்னுடையது ஆயிற்றே. மிச்ச தூரம் முழங்கால் தண்ணீரில் நடந்தே வந்தேன். தூரத்திலேயே உன் வீட்டு வாசலில் கூட்டம் தெரிந்தது. தண்ணீரை உதைத்துக்கொண்டு ஓடினேன். கிட்டே வந்தால் கூட்டத்தில் சிரிப்புச் சத்தம்.

உன் முன்னறையில் பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தண்ணீரில் வரிசையாக நின்றிருந்தார்கள். மேலே பின்னறையில் கைமிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. தீபாவளி ஜாக்கெட் வாங்க வந்த கூட்டம்! அனுமந்தையிலிருந்துகூட ஒருத்தி வந்திருந்தாள். தைத்து முடித்ததை நீ மேலிருந்து வீசினாய். கீழே இருந்தவள் தண்ணீரில் விழாமல் பிடித்தாள். பிடிக்கத் தவறியவளைப் பார்த்து மற்றவர்கள் கூவினார்கள். ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போய்க்கொண்டே இருந்தது. என்னைப் பார்த்ததும் நீ மிஷினை நிறுத்தினாய்.

"வாடி! உன் ஓட்ட எல்லாம் நல்லா வேல செய்யிது. காலையில எறாலுகூட வந்துச்சி. ஏழுமல புடிச்சி வச்சிருக்கான், சாப்ட்டுட்டுப் போ."

நனைந்த சேலையோடு மேலே ஏறி வந்து, உன்னைக் கட்டிக்கொண்டு, கோபத்தில் முதுகில் ஓர் அடியும் வைத்தேன். அந்த இறால் குழம்பின் ருசி எதிலும் வராது. தண்ணீர் இரண்டு நாளில் வடிந்தது. சுவர் நின்றது. உன் தரையைக் கழுவ அத்தனை பெண்களும் வந்தார்கள்.

அடுத்த வருஷம் எனக்கு மாற்றல் வந்தது. போன இடத்தில் எல்லாம் நான் கொஞ்சம் பொல்லாத ஓவர்சியராகிவிட்டேன் என்று பேர். விதியை எடுத்துக்கொண்டு வருகிறவர்களிடம் வாசலைப் பற்றிக் கேட்பேன். விலக்கு கேட்டு வருகிறவர்களிடம் தண்ணீரைப் பற்றிக் கேட்பேன். இரண்டு பேரும் திட்டுவார்கள். உன்னிடம் போனில் சொல்வேன். "திட்டட்டும் உடு, ரெண்டு பக்கமும் தையல் போட்டாதான் நிக்கும்" என்பாய். பண்டிகை தவறாமல் வந்து உன் முன்னறையில் உட்கார்ந்து கதை பேசினேன். எனக்கு உடம்பு பெருத்த கதையும் உனக்குத்தான் முதலில் தெரியும். பிரித்துவிடத் துணி உள்ளே எப்போதும் வைத்திருப்பாய்.

நீ போன அன்று எனக்குப் போன் செய்தவன் ஏழுமலை. ராத்திரி மேலே போய்ப் படுத்தவள் காலையில் எழுந்திருக்கவில்லை என்றான். நான் வந்து சேர்ந்தபோது முன்னறை நிறைய ஜனம். பாதிப் பேர் நீ தைத்த ஜாக்கெட் போட்டிருந்தார்கள். யாரோ ஏழுமலை ஓட்டையை அடைத்த கதையைச் சொல்ல, அழுகைக்கு நடுவில் சிரித்தோம். நீயும் அதைத்தான் விரும்பியிருப்பாய்.

பிறகு எடுக்கிற நேரம் வந்தது. ஏழுமலையும் இன்னும் மூன்று பேரும் உன்னைத் தூக்கிக்கொண்டு, சாய்தளத்தில் இறங்கி, முன்னறையைத் தாண்டி வந்தார்கள். வாசலில் அவன் கால் நின்றுவிட்டது. எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தான்.

"ஓவர்சியரம்மா, இந்த வூட்டுல எங்கக்காவ நாங்க தூக்குறது இதான் மொத தடவ" என்றான்.

உன் நினைவாக எனக்கு மிச்சம் இருப்பது அந்த வார்த்தைதானடி. மனசு சரியில்லாத நாட்களில் அதை ஒரு தடவை எனக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். பிறகு எழுந்து வேலையைப் பார்க்க முடிகிறது.